சாமிக்கும் ஆகாத பூ

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஓட்டும் நண்பர் வீட்டு ஹாலில் ஒரு ரோஜாக்கூடைப் படம். காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் 'ஆன்டிக் ஆயில் பெயின்ட்டிங்' என்று சொல்லி விற்றார்களாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தூரிகைத் தடமே இல்லை, அத்தனையும் அச்சுப் புள்ளி. சொல்ல மனசு வரவில்லை. அவர் அம்மாவுக்கு வேறு கவலை. "ஏனுங் தம்பி, இந்தப் பூவு சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. பின்ன எதுக்குங்க இத்தனையப் பறிச்சாங்க?"

நியாயமான கேள்வி. பூ என்றால் நமக்குச் சரம், மாலை, உதிரி. கட்டுவோம், சூட்டுவோம், மறுநாள் எறிந்துவிடுவோம். சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கென்று பூ வாங்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. அப்படிப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர், இந்தப் படத்தின் அசலை 1890-ல் வரைந்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபான்தன்-லதூர் (1836-1904).

பிழைப்பு என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். மனிதருக்கு ஆசையெல்லாம் வாக்னரின் இசை மேல். ஓப்பராக் காட்சிகளைப் பனிமூட்டத்தில் மிதக்கும் தேவதைகளாக வரைந்து தள்ளினார். ஆனால் விற்றது பூ. இங்கிலாந்தில் நண்பர் எட்வின் எட்வர்ட்ஸும் அவர் மனைவியும் விற்றுக் கொடுத்தார்கள். அந்தக் காசில் அடுப்பு எரிந்தது. இன்றைக்கு அந்தத் தேவதைகளைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது. பூக்களைப் பார்த்தால் வருவதில்லை.

ரகசியம் பின்னணியில் இருக்கிறது. ஜன்னல் இல்லை, திரைச்சீலை இல்லை, மங்கலான சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு வெறுமை. அதன் முன்னால் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று ஒவ்வொரு ரோஜாவும் தனித்தனி ஆள் மாதிரி நிற்கிறது. மொட்டைக் காட்டி மயக்கும் வேலை இல்லை. நன்றாக விரிந்து, கனம் தாங்காமல் தலை சாய்ந்து, நாளைக்கு உதிரப் போகிற பூவை அவர் ஒளிக்கவில்லை. நண்பர் வீட்டு அச்சில் அந்தச் சாம்பல், பவுடர் பூசிய ரோஸ் ஆகிவிட்டது. அதோடு படமும் போயிற்று.

குறையும் உண்டு. நூற்றுக்கணக்கில் வரைந்தார், அடுத்தடுத்துப் பத்தைப் பார்த்தால் அலுத்துவிடும்.

மனிதர்களையும் வரைந்தார். 1872-ல் வரைந்த 'மேஜையின் மூலை'யில் வெர்லேன், ரேம்போ முதலிய கவிஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆல்பெர் மேரா என்ற கவிஞர் மட்டும் இந்த இரண்டு பேரோடு நான் உட்கார முடியாது என்று மறுத்துவிட்டார். ஃபான்தன் அலட்டிக்கொள்ளவில்லை. அவர் இடத்தில் பூக்களை வைத்துவிட்டார்! பாரிஸில் ஓர்சே மியூசியத்தில் இன்றும் அந்தப் பூக்கள் இருக்கின்றன.

பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமி இருக்கிற ஊரில் இதையும் சொல்லியாக வேண்டும். அவர் மனைவி விக்டோரியா துபூரும் பூ ஓவியர். நார்மண்டியில் மனைவி வழி வந்த வீட்டுத் தோட்டம்தான் இவருடைய பூக்களுக்கு ஊற்று. கணவர் போனபின் அவர் வரைந்த அத்தனைக்கும் பட்டியல் தயாரித்து 1911-ல் புத்தகமாகப் போட்டவரும் அந்த அம்மாள்தான். தன் பூக்களை எந்தக் கணக்கில் எழுதினாரோ?

1983-ல் இந்த ரோஜாக்கூடையை 'நியூ ஆர்டர்' என்ற பிரிட்டிஷ் இசைக்குழு தன் ரெக்கார்டுக்கு அட்டைப்படமாக்கியது. 2010-ல் அந்த அட்டையே பிரிட்டனில் தபால்தலையானது. அசலைப் பார்க்க ஆசையிருந்தால் லண்டன் நேஷனல் காலரிக்குப் போகலாம். நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க டிக்கெட் கிடையாது, விமானத்துக்குத்தான் உண்டு.