சுயாதீன வாழ்வும் ஒரு விவரணப்படமும்

2020 மார்ச்சில், கொள்ளைநோய்க்கு அஞ்சி உலகம் கதவடைத்த வேளையில், ‘கிரிப் காம்ப்’ என்னும் அமெரிக்க விவரணப்படம் வெளிவந்தது. நியூயோர்க் மாநிலத்தின் ஜெனெட் கோடை முகாமிற் கூடிய மாற்றுத்திறனாளி இளைஞருட் சிலர், பின்னர் உரிமைப் போராளிகளாய் வளர்ந்த வரலாற்றை அது கூறுகிறது. 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் அரச கட்டடமொன்றில் மூன்று வாரங்களுக்கு மேலாக உள்ளிருப்புப் போராட்டம் நிகழ்ந்தது. கருஞ்சிறுத்தைக் கட்சியினர் போராடியோர்க்கு உணவளித்தனர். ஒடுக்கப்பட்டோர் ஒருவரையொருவர் இனங்காணும் இக்காட்சிகளே படத்தின் உயிர்நாடி எனலாம்.

ஆயினும், சட்டத்தின் வெற்றியோடு மனநிறைவு கொள்ளுமிடத்துப் படம் தளர்கின்றது. சுயாதீன வாழ்வென்பது பிறர் துணையின்றி வாழ்தலன்று. எத்துணையை, எவரிடம் பெறுவதெனத் தாமே தீர்மானித்தலாகும். இவ்வியக்கத்தின் முன்னோடி எட் ரொபேர்ட்ஸ், இளம்பிள்ளைவாதத்திலிருந்து தப்பி, இரும்பு நுரையீரலின் உதவியால் வாழ்ந்தவர். 2020இலோ, அலபாமா மாநிலத்தின் அவசரகால வழிகாட்டியொன்றில், கடும் அறிவுவளர்ச்சிக் குறைபாடுடையோர் சுவாசக் கருவிக்கு ஏற்றவரல்லர் என்னும் விதி காணப்பட்டது; முறைப்பாடு எழுந்த பின்னரே அது அகற்றப்பட்டது. பராமரிப்பு இல்லங்களில் அடைபட்டோர் பல்லாயிரவராய் மடிந்தனர். தம் வீட்டில் வாழ்ந்தோர்க்கோ, சொற்பக் கூலி பெறும் உதவியாளர் நோயுற்று வராதொழியின், படுக்கையை விட்டெழவும் வழியில்லை.

நோய்க்கு முன்னரே எடுக்கப்பட்ட படம் நோயைக் காட்டவில்லையென நாம் குறை கூறோம். உதவியாளரின் கூலியை எவர் கொடுப்பது என்னும் வினாவை அது அழுத்திக் கேளாமையே குறை. ஒருவரின் சுதந்திரமும் மற்றவரின் ஊதியமும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள் என்பதை நாம் மறத்தலாகாது.