முறுக்குக்குச் சட்டை தைப்பது: மலிவான கவர் எது?

வீட்டிலிருந்து முறுக்கு, தட்டை, மிக்சர் விற்கத் தொடங்குகிறவர்களுக்கு யூடியூபில் கிடைக்கும் முதல் அறிவுரை: "பேக்கிங் பிரமாதமா இருக்கணும்." உடனே காட்டுவது பழுப்புக் காகிதம், நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு ஜன்னல், மேலே ஜிப். பார்க்க அழகுதான். என் புகார் அழகைப் பற்றியது இல்லை. ஒரு கவரை எதை வைத்து மதிப்பிடவேண்டும் என்ற கேள்வியையே இந்த வீடியோக்கள் தாண்டிப் போய்விடுகின்றன.

முறுக்குக்கு எதிரிகள் நான்கு: ஈரம், ஆக்சிஜன், வெளிச்சம், நசுங்கல். ஈரம் புகுந்தால் நமுத்துப் போகும். ஆக்சிஜன் எண்ணெயைக் காறல் வாடை அடிக்க வைக்கும். வெளிச்சம் பட்டால் அது இன்னும் வேகமாக நடக்கும். அப்படியிருக்க, எண்ணெய்ப் பண்டத்தின் கவரில் நாமே ஜன்னல் வெட்டி வைப்பது என்ன நியாயம்? அந்தக் காகிதமும் ஈரத்தைத் தடுப்பதில்லை. தடுப்பது உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம். ஆக, காகிதத்துக்குக் கொடுக்கிற காசு தோற்றத்துக்கு மட்டுமே. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதும் சந்தேகம்தான். காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பொருளைப் பழைய பேப்பர்காரரும் எடுக்கமாட்டார், பிளாஸ்டிக் உருக்குபவரும் விரும்பமாட்டார்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கிராம் முறுக்கு. 20க்கு 30 செ.மீ. கவர், இரண்டு பக்கமும் சேர்த்து 0.12 சதுர மீட்டர். பொரித்து ஆறியபோது ஈரம் 2 சதவீதம், 5 சதவீதம் ஆனால் நமுத்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 6 கிராம் நீர் உள்ளே போனால் கதை முடிந்தது.

சாதாரண எல்.டி.பி.இ. கவர், 40 மைக்ரான் (கவர் கடையில் 'கேஜ்' என்பார்கள், 100 கேஜ் ஏறக்குறைய 25 மைக்ரான்). ஆய்வக நிலையில், 38 டிகிரி, 90 சதவீத ஈரப்பதத்தில், சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 11 கிராம் நீராவியை உள்ளே விடும். நம் அலமாரி அவ்வளவு மோசமில்லை, பாதி என்று கொண்டால் கவருக்கு 0.6 கிராம் சொச்சம். பத்து நாளில் 6 கிராம். 25 மைக்ரான் பி.ஓ.பி.பி. என்றால் சுமார் 5 கிராம்தான் விடும். அதே கணக்கில் இருபது நாள். உலோகம் பூசிய பெட், அதன் உள்ளே பாலிதீன் என்ற அடுக்குக் கவர் சுமார் 1 கிராம். நூறு நாள் தாங்கும்.

இப்போது எடையைப் பாருங்கள், ஏனென்றால் படலத்தின் விலையே கிலோ கணக்கில்தான். எல்.டி.பி.இ. கவர் சுமார் 4.4 கிராம். பி.ஓ.பி.பி. 2.7 கிராம். பாதியை விடக் கொஞ்சம் அதிகப் பொருளில் இரண்டு மடங்கு நாள்! கிலோ விலை சற்றுக் கூட இருந்தாலும் லாபம் இதில்தான். ஒரு எச்சரிக்கை: சாதா பி.ஓ.பி.பி. சூட்டில் சுருங்கும், சரியாக ஒட்டாது. 'ஹீட் சீல்' ரகம் என்று கேட்டு வாங்கவேண்டும். மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டுவதும், மடித்து ஸ்டேப்ளர் பின் அடிப்பதும் மேலே போட்ட கணக்கு முழுவதையும் வீணாக்கும். ஓட்டை இருந்தால் மைக்ரான் எதற்கு?

எல்.டி.பி.இ., பி.ஓ.பி.பி. இரண்டுமே ஆக்சிஜனைத் தடுப்பதில் மோசம். அதனால் அவற்றில் நைட்ரஜன் நிரப்புவது சல்லடையில் தண்ணீர் பிடிக்கிற வேலை. நைட்ரஜன் உலோகப் பூச்சுக் கவருக்கு மட்டும் பொருந்தும், அதுவும் மாதக்கணக்கில் கடையில் நிற்கும் சரக்குக்கு.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி "ஒரு கவர் என்ன விலை?" என்பதல்ல, "என் சரக்கு எத்தனை நாளில் விற்றுத் தீரும்?" என்பதே. தெருவுக்குள் ஐந்து நாளில் தீர்கிறதா? எல்.டி.பி.இ. போதும். இன்னும் சொன்னால், இறுக்கமாக மூடிய தகர டின்னில் வைத்து நிறுத்துக் கொடுப்பது எல்லாவற்றையும் விட மலிவு. தகரத்துக்குள் ஈரமும் போகாது, வெளிச்சமும் போகாது, டின் திரும்பவும் வரும். நம் பலகாரக் கடைக்காரர்கள் இதைத் தலைமுறையாகச் செய்கிறார்கள். பக்கத்து ஊர்க் கடைகளுக்குப் போய் இரண்டு வாரம் நிற்குமா? பி.ஓ.பி.பி. கூரியரில் தூரதேசம் போகிறதா? அப்போதுதான் உலோகப் பூச்சு, வெளியே அட்டைப்பெட்டி.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். வெல்லம் ஈரம் இழுத்துப் பிசுபிசுப்பதை அது தடுக்காது. அதைத் தடுக்கவேண்டியது கவர். கிலோவுக்குச் சொற்ப லாபம் பார்க்கும் வீட்டுத் தொழிலில், நமுத்துத் திரும்பி வரும் பத்து பாக்கெட் அந்த வாரத்துச் சம்பாத்தியத்தையே தின்றுவிடும். தேவைக்கு மேல் வாங்கிய ஜன்னல் பையும் அதையேதான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

மொத்தமாக வாங்குமுன் ஒரு சோதனை: மூன்று ரகத்திலும் இரண்டிரண்டு பாக்கெட் போட்டு, தேதி எழுதி, சமையலறையில் வையுங்கள். நகைத் தராசு மாதிரி 0.1 கிராம் காட்டும் தராசில் மூன்று நாளுக்கொரு முறை எடை பாருங்கள். எடை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஈரம். எந்த வீடியோவையும் விட, என் கணக்கையும் விட, அந்தத் தராசு சொல்வதை நம்பலாம்.