உருவாகும் கதையை ரசிப்பது எப்படி?

டிஜிட்டல் கதை வகுப்புக்கு வெளியாட்களைக் கூப்பிட்டால் பெரும்பாலும் கடைசி நாளில்தான் கூப்பிடுவார்கள். விளக்கை அணைத்து, மாணவர்கள் செய்த இரண்டு மூன்று நிமிடப் படங்களை வரிசையாகப் போடுவார்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்கு வருவோம். அந்த வகுப்பின் ருசியோ முதல் நாட்களில் இருக்கிறது. ஒவ்வொருவராக “நான் செய்ய நினைக்கிற கதை இது” என்று சொல்ல, கூடப் படிப்பவர்கள் கேட்டுவிட்டுத் தங்கள் மனதில் பட்டதைச் சொல்கிற நாள் அது. பிட்ச், ஃபீட்பேக் என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான்.

அரங்கேற்றத்துக்குப் பழகியவர்கள் நாம். தொல்காப்பியமே பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. அங்கே முடிந்த நூலைச் சோதிப்பார்கள். முடியாத ஒன்றைப் பலர் கூடிக் கேட்பது வேறு. அதை ரசிக்கக் காதைக் கொஞ்சம் வேறு மாதிரி தீட்டிக்கொள்ள வேண்டும்.

டிஜிட்டல் கதை சொல்லும் இந்த முறை வளர்ந்தது கலிபோர்னியாவில். 1990களின் தொடக்கத்தில் டேனா ஆட்ச்லி என்ற கலைஞர், மேடையில் திரைக்குள் எரியும் நெருப்பு ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய புகைப்படங்களையும் வீடியோத் துண்டுகளையும் காட்டித் தன் வாழ்க்கையைச் சொன்னார். ‘நெக்ஸ்ட் எக்ஸிட்’ என்பது அந்த நிகழ்ச்சியின் பெயர். நாடக உலகிலிருந்து வந்த ஜோ லாம்பர்ட்டும் நீனா மல்லனும் அவரோடு சேர்ந்தார்கள். 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பயிற்சி மையம் பிறந்தது. 1998இல் அது பெர்க்லிக்குப் போனது. இன்றைய பெயர் ஸ்டோரிசென்டர். அவர்களுடைய பயிலரங்கில் கணினியைத் தொடுவதற்கு முன்பே எல்லாரும் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். கதைவட்டம் என்று அதற்குப் பெயர். ஒவ்வொருவருக்கும் பங்கிட்ட நேரம் உண்டு, அந்த நேரம் முழுக்க அவருக்கே சொந்தம். குறுக்கே யாரும் பேசுவதில்லை.

அங்கே கேட்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, சொல்பவர் கையில் இருப்பது தலைப்பா, கதையா என்பதை. 2001இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டேனியல் மெடோஸ் என்ற புகைப்படக்காரர், பிபிசியோடு சேர்ந்து இந்த முறையை வேல்ஸ் நாட்டுக்குக் கொண்டுபோனார். ‘கேப்சர் வேல்ஸ்’ என்ற பெயரில் 2008 வரை ஊர் ஊராகப் பயிலரங்கு நடந்தது. சுமார் 250 சொற்கள், சில புகைப்படங்கள், இரண்டு நிமிடம்: இதுதான் அவர் வகுத்த அளவு. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன வேல்ஸின் பள்ளத்தாக்குகளில், அப்படி ஒரு வட்டத்தில் ஒருவர் எழுந்து, “எங்கள் ஊர்ச் சுரங்கம் மூடியதைப் பற்றிச் செய்யப்போகிறேன். வேலை போனது, கடைகள் மூடியது எல்லாம் வரும்” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். எல்லாரும் தலையாட்டுவார்கள். யாருக்கும் எதுவும் கண்ணில் தெரியாது. அது தலைப்பு.

வட்டத்தில் ஒருவர் கேட்கிறார்: “மூடிய மறுநாள் காலையில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது?” சொன்னவர் கொஞ்சம் யோசிக்கிறார். “அப்பா வழக்கம்போல் நாலு மணிக்கு எழுந்துவிட்டார். அம்மாவும் எழுந்து டீ போட்டார். இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்கேயும் போக வேண்டியதில்லை.” இப்போது கதை வந்துவிட்டது. பயிலரங்கில் ரசிக்க வேண்டிய நொடி இதுதான். அந்த நொடியில் சொல்பவரின் பேச்சு வேகம் குறையும். ‘வேலையிழப்பு’, ‘பொருளாதாரம்’ போன்ற பெரிய சொற்கள் உதிர்ந்து நேரமும் இடமும் ஆளும் முன்னால் வந்து நிற்கும். ஒருமுறை இதைக் காதால் பிடித்துவிட்டால், பிறகு எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் தானாகத் தெரியும்.

இதை நடத்தியது ஒரு கேள்வி. அதனால் சொல்பவரைவிட, கேள்வி கேட்பவர்களைக் கவனிப்பது எனக்கு அதிகம் பிடிக்கும். அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் ஒரு கருத்துரைக்கும் முறையை வகுத்தார். முதலில் கேட்டவர்கள் தங்கள் மனதில் நின்றதைச் சொல்வார்கள். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். மூன்றாவதாகக் கேட்டவர்கள் சார்பில்லாத கேள்விகள் கேட்கலாம். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் “இதைப் பற்றி ஒன்று சொல்லலாமா?” என்று அனுமதி வாங்கிய பிறகு. மூன்றாம் கட்டம்தான் மிகக் கடினம். “ஏன் இவ்வளவு நீளமாக வைத்தீர்கள்?” என்பது கேள்வி வேஷம் போட்ட தீர்ப்பு. “இந்த இடத்தில் பார்ப்பவர் எதை உணர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்பது கேள்வி. முதலாவதற்குச் சொன்னவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார், இரண்டாவதற்கு யோசிப்பார். அவர் முகத்தைப் பார்த்தே எந்த வகைக் கேள்வி விழுந்தது என்று சொல்லிவிடலாம்.

பாராட்டிலும் தரம் உண்டு. “சூப்பர், நல்லாயிருக்கு” என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் திருத்த முடியாது. ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் ஆஸ்டின் என்ற முதல் வகுப்புப் பையன் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் புகைப்படம் பார்த்து வரைந்தான். சக பிள்ளைகள் முதலில் இறக்கையின் வடிவத்தைப் பற்றி மட்டும் சொன்னார்கள், அது சரியான பிறகுதான் உள்ளேயிருக்கும் கோலங்களைப் பற்றிச் சொன்னார்கள். ஆறாவது படம் அறிவியல் புத்தகத்தில் வைக்கும் தரத்தில் வந்தது. ஆசிரியர் ரான் பெர்கர் உலகம் முழுக்க எடுத்துச் சொன்ன கதை இது. கருத்து கனிவாக, குறிப்பாக, உதவியாக இருக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் விதி. கதை வகுப்பிலும் ஒரு நேரத்தில் ஒரு பகுதியைப் பற்றிப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். எடுத்த எடுப்பிலேயே பின்னணி இசை என்ன, எந்த ஆப்பில் எடிட்டிங் என்று பேச்சு தாவினால், அங்கே கதையை இன்னும் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

பெர்க்லிக்காரர்களிடம் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. யோசனை சொல்கிறவர் “இது என் கதையாக இருந்தால்…” என்று ஆரம்பிப்பார். கதையின் உரிமை சொன்னவரிடமே தங்கிவிடுகிறது. அவர் எடுத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம். நம் வகுப்பறைகளில் “நீ இப்படிப் பண்ணு” என்று பழகிய நாக்குக்கு இது அவசியமான பயிற்சி.

குரலையும் கேளுங்கள். டிஜிட்டல் கதையில் செய்தவரின் சொந்தக் குரலே ஒலிக்கும் என்பதால், பிட்ச்சின்போதே படத்தின் பாதி காதில் விழுந்துவிடுகிறது. தாளைப் பார்த்து வாசிக்கும்போது விறைப்பாக இருப்பவர், கேள்விக்குப் பதில் சொல்லும்போது இயல்பாகப் பேசுவார். அந்தப் பதிலைச் சட்டென்று குறித்துக்கொண்டு, “இப்போது சொன்னீர்களே, அதையே எழுதுங்கள்” என்று திருப்பிக் கொடுக்கிற நண்பர் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் போதும். டீச்சரின் மதிப்பெண்ணைவிட அது பெரிய உதவி.

உங்கள் பிள்ளையின் கல்லூரியில் படம் திரையிடுகிறார்கள் என்றால் போய்ப் பாருங்கள். முடிந்தால் அதற்குச் சில வாரம் முன்பு, யோசனை சொல்லும் வகுப்பில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். யாருடைய கதையையாவது கேட்டு மனம் கலங்கினால், அதை அவரிடமே சொல்லுங்கள். வெளியே போய் வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.