மரியோ மிலானோவும் சூரன் தூக்கியவர்களும்

மெல்பேர்ணில் நாங்கள் வேலைசெய்யும் உணவகத்தின் குசினியில் பீட்சாவுக்கு மா குழைக்கும் இத்தாலியர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். கோப்பை கழுவும் எங்களோடு அவர் பேசுவது இரண்டு விடயங்களைப் பற்றித்தான். ஒன்று முழங்கால் வலி. மற்றது மரியோ மிலானோ. 1967இல் அந்த மல்யுத்த வீரர் இந்த நாட்டுக்கு வந்தபோது இவர் பள்ளிக்கூடப் பையன். பெஸ்டிவல் மண்டபத்தில் மிலானோ வென்ற ஓர் இரவில், தொழிற்சாலை உடுப்போடு வந்திருந்த தகப்பன் அழுததைக் கண்டாராம். "அது நடிப்புத்தானே" என்று எங்களில் ஒருவன் கேட்டுவிட்டான். மாவிலிருந்து கையை எடுக்காமலே அவர் சொன்னார்: "என் தகப்பன் அழுதது நடிப்பில்லை."

இந்தப் பதில் எங்களை விடவில்லை.

மிலானோவின் இயற்பெயர் மரியோ புல்ஃபோனே. 1935இல் திரியெஸ்தேயில் பிறந்து, வெனிசுவேலாவில் வளர்ந்து, அமெரிக்க மேடைகளில் தொழில் பழகி, கடைசியில் அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தவர். மிலானோ என்பது ஊரின் பெயர். அவருடைய ஊரின் பெயரல்ல. எந்த இத்தாலியனுக்கும் விளங்கக்கூடிய ஒரு பெயர் தொழிலுக்குத் தேவைப்பட்டது. வந்த நாட்டில் பெயரை வெட்டியும் மாற்றியும் வாழும் எங்களுக்கு இதில் ஆச்சரியமில்லை.

1964இல் ஜிம் பார்னெட், ஜொனி டொயில் என்ற இரு அமெரிக்கர்கள் இங்கு தொடங்கிய 'வேர்ல்ட் சாம்பியன்ஷிப் ரெஸ்லிங்' 1978வரை நடந்தது. ஒன்பதாம் அலைவரிசை அதை வீடுகளுக்குக் கொண்டுபோனது. போருக்குப் பிறகு கப்பல் கப்பலாக வந்திறங்கிய இத்தாலியரும் கிரேக்கரும் தொழிற்சாலைகளில் ஏளனத்தை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. கிரேக்கருக்கு எகிப்தில் பிறந்த ஸ்பைரோஸ் அரியோன், இத்தாலியருக்கு மிலானோ என்று ஆளுக்கொரு நாயகன் கிடைத்தான். இது கருணையல்ல, நுழைவுச்சீட்டுக் கணக்கு. சிட்னியின் தகரக் கூரை அரங்கையும் இங்கே நினைக்க வேண்டும். அது 1908இல் கட்டப்பட்டது. ஜாக் ஜோன்சன், ரொமி பேர்ன்ஸ் குத்துச்சண்டை அதே ஆண்டில் அங்கே நடந்தது. கறுப்பரான ஜோன்சன் வென்றதை அன்றைய வெள்ளைக் கூட்டத்தால் தாங்க முடியவில்லை. அதே அரங்கில் அறுபதுகளில் அந்நியனின் வெற்றியை விற்கலாம் என்று வியாபாரிகள் கண்டுகொண்டார்கள்.

பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தொலொஜீஸ்' நூலின் முதற் கட்டுரை மல்யுத்தம் பற்றியது. இது பொய்யா மெய்யா என்று பார்வையாளர் கேட்பதில்லை, துன்பமும் தோல்வியும் நீதியும் கண்முன் தெரிவதையே அவர்கள் விரும்புகிறார்கள் என்பது அவர் வாதம். இதில் பாதியை நாங்கள் ஏற்கிறோம். மற்றப் பாதிக்கு எங்கள் முதுகு ஒத்துவரவில்லை. முடிவு முன்பே பேசப்பட்டது உண்மை. ஆனால் விழும் இடம் பலகை. இரும்புச் சட்டத்தின் மேல் அடித்த பலகையில், மெல்லிய விரிப்பின் மேல், இரவுக்கிரவு விழுந்தெழும்புவது கூலிவேலை. பார்த் அந்த உடலைக் குறியாகப் படித்தார், உழைப்பாகப் படிக்கவில்லை.

எங்களுக்கு இதை விளக்கப் பாரிஸ் தேவையில்லை. ஊரில் சூரன்போர் பார்த்தவர்கள் நாங்கள். சூரன் தோற்பான் என்று தெரியாத குழந்தை அங்கில்லை. ஆனாலும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முருகனைத் தூக்குகிறவர்கள் நிதானமாக நடந்தால் போதும். சூரனைத் தூக்குகிறவர்கள்தான் ஓடி, சுழன்று, சாய்ந்து, தோள் கன்றிப்போக ஆடவேண்டும். சூரன் ஆடாவிட்டால் முருகனின் வேலுக்கு மதிப்பில்லை. மல்யுத்த மேடையிலும் இப்படித்தான். மிலானோவை மிலானோ ஆக்கியவர்களில் பாதிப்பேர் அவரிடம் தோற்ற வில்லன்கள்.

அந்த வில்லன்கள் யார்? மற்ற அந்நியர்கள். ஜேர்மனியனாக வெறுக்கப்பட்ட வால்டோ வொன் எரிக் கனடாக்காரர். சூடானின் காட்டுமனிதனாகக் காட்டப்பட்ட அப்துல்லாவும் கனடாவில் பிறந்தவர்தான். ஓர் அகதிக்கு மரியாதை வாங்கிக் கொடுக்க இன்னோர் அந்நியனை அரக்கனாக்கும் இந்தக் கணக்கை, முதியவரின் கண்ணீரை மதித்துக்கொண்டே நாங்கள் நிராகரிக்கிறோம். தாராசிங், கிங்கொங் என்று வாய் ஓயாமல் பேசிய எங்கள் பாட்டன்மாரின் தலைமுறையும் இதே கணக்கில் மயங்கியதுதான். கிங்கொங் என்ற ராட்சதப் பெயருக்குள் இருந்தவர் எமில் ஸாயா என்ற ஹங்கேரியர்.

எங்களுக்கு இதில் சொந்த வழக்கும் உண்டு. வீசாவுக்காக ஓர் அதிகாரியின் முன் எங்கள் கதையைச் சொன்னோம். அழாமல் சொன்னவனிடம் பயம் தெரியவில்லை என்றார்கள். அழுதவனிடம் மிகை என்றார்கள். வலி உண்மையாக இருந்தாலும் அதை ஆடிக்காட்டத்தான் வேண்டும் என்பதை அன்று படித்தோம். நடிப்பு என்றால் பொய் என்று மல்யுத்தத்தைப் பார்த்துச் சிரிக்க அதன்பிறகு எங்களால் முடிவதில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. வீரன், துரோகி என்ற இரண்டே வேடங்களை வைத்துக்கொண்டு நாங்களும் நெடுங்காலம் கைதட்டினோம். மல்யுத்தத்தில் விளக்கணைந்ததும் வில்லன் எழும்பிக் குளித்துவிட்டுச் சம்பளம் வாங்கப் போவான். எங்கள் ஊரில் துரோகி என்று பெயர் சூட்டப்பட்டவர்கள் எழும்பவில்லை. ஆட்டத்தை மெய்யென்று நம்புவதைவிட, மெய்யான உயிர்களை ஆட்டமாகப் பார்த்தது பெரிய பிழை.

மிலானோ திரும்பிப் போகவில்லை. இங்கேயே வாழ்ந்து 2016 டிசம்பரில் காலமானார். பெஸ்டிவல் மண்டபத்தை 2020இல் ஒரு திருச்சபை வாங்கிவிட்டது. முதியவர் இன்றும் மா குழைக்கிறார். முழங்கால் நோகும் நாட்களில் மாச் சட்டியை நாங்கள் தூக்கிக் கொடுக்கிறோம். மிலானோவிடம் தோற்றவர்களின் பெயர்களையும் இப்போது அவரிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்கிறார்.