பழுப்பு சொல்வதும் நீலம் சொல்வதும்

மார்பகப் புற்றுக் கட்டியிலிருந்து நாலு மைக்ரான் கனத்தில் சீவிய ஓர் இழை, கண்ணாடிச் சில்லின்மேல் கிடக்கிறது. சாயமேற்றினால், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள உட்கரு பழுப்பேறும். ஏற்பி இல்லாதது நீலமாகவே நிற்கும். அந்த நீலம் ஹீமடாக்சிலின். மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்தில் எடுக்கும் சாயம். நூறு உட்கருவில் ஒன்று பழுப்பேறினாலும் கணக்கில் சேரும். அவ்வளவு நுணுக்கமான வாசிப்பு இது.

குடும்ப வழியில் வராத புற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பழுப்பு. பிஆர்சிஏ1 மரபணுப் பழுதோடு பிறந்தவர்களிடம் இது அப்படியே தலைகீழ்: ஏறக்குறைய நான்கில் மூன்று நீலம். இவர்களுடைய கட்டியின் விளிம்பு உருண்டு திரண்டு பக்கத்துத் திசுவைத் தள்ளும். சுற்றிலும் வெள்ளணுக்கள் மொய்த்திருக்கும்.

பரம்பரை என்றால் நீலம் என்று முடிவுகட்டப் போகும்போது பிஆர்சிஏ2 குறுக்கே வருகிறது. அதுவும் பரம்பரைதான். அறுந்த டிஎன்ஏவைப் பிழையின்றி ஒட்டும் வேலையில் பிஆர்சிஏ1-க்குக் கூட்டாளி. ஆனால் அது பழுதாகி வரும் புற்று பெரும்பாலும் பழுப்பு! ஒரே தொழில், இரு நிறம். செய்யுளில் முரண்தொடையைச் சுவைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம்.

பால்நாளச் செல்கள் ஏற்பி தாங்கும் பருவத்துக்கு முதிர பிஆர்சிஏ1 துணை நிற்கிறது. அது பழுதானால் முதிராத செல்லிலிருந்தே கட்டி கிளம்புகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். பாதியில் நின்ற வளர்ச்சியின் நிறம் அந்த நீலம்.

நிறம் பிரித்த இருவரையும் மருந்து மறுபடி சேர்க்கிறது. பரவிய மார்பகப் புற்றுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒலாபரிப், ஒட்டுவேலை தெரியாத செல்லைத் தேடி அடிக்கிறது. பழுப்பா நீலமா என்று அது கேட்பதில்லை.

நீலமெல்லாம் பரம்பரை அல்ல. மரபணுச் சோதனைதான் உறுதி சொல்லும். ஆனாலும் இளவயதுப் பெண்ணின் சில்லில் தெரியும் நீலம், அவள் அக்காவையும் மகளையும் நினைக்கச் சொல்கிறது.

அந்தச் சில்லின் ஓரத்தில் நோயில்லாத பால்நாளம் ஒன்று இருந்தால் அதையும் பாருங்கள். நீல உட்கருக்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பு. நோயியல் மருத்துவர் முதலில் தேடுவது அதைத்தான். சாயம் சரியாகப் பிடித்திருக்கிறது, கட்டியின் நீலம் மெய்யானது என்பதற்கு அந்த நல்ல செல்கள்தான் சாட்சி.