இசபெல்லா அடகு வைக்காத நகை

கொலம்பஸ் கதை கேட்ட எல்லாருக்கும் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். அரண்மனை அரண்மனையாக ஏறி இறங்கியும் யாரும் கண்டுகொள்ளாத ஒரு மாலுமி. அவனை நம்பித் தன் நகைகளையே அடகு வைத்துக் கப்பல் வாங்கிக் கொடுக்கும் ஸ்பெயின் ராணி. அடகு என்ற சொல் வந்தாலே நமக்கு மனசு இளகிவிடும். அதனாலேயே இந்தக் கதையை யாரும் கேள்வி கேட்பதில்லை.

கதை எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்த்தால், கொலம்பஸின் மகன் ஃபெர்னாண்டோ எழுதிய வாழ்க்கை வரலாற்றில் போய் நிற்கிறது. அது அச்சானதே 1571-ல், வெனிஸில், இத்தாலிய மொழியில். அந்தப் புத்தகத்திலும்கூட ராணி நகையை அடகு வைக்கவில்லை. வைக்கத் தயார் என்கிறார். லூயிஸ் டி சாந்தாஞ்செல் என்ற அரண்மனை நிதி அதிகாரி, அதெல்லாம் வேண்டாம், பணத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். நகையை அடகுக்கடை வரை கொண்டு போனது பிற்காலத்துக் கதைசொல்லிகள்.

இன்னும் சுவாரஸ்யமான விஷயம் ஒன்று உண்டு. இசபெல்லா நகை அடகு வைத்தது உண்மைதான், ஆனால் கடல் பயணத்துக்காக இல்லை. 1489-ல் கிரனாடா முஸ்லிம் அரசுக்கு எதிரான போரில், பாஸா நகர முற்றுகை மாதக்கணக்கில் இழுத்தது. அப்போதுதான் அவருடைய மாணிக்க மாலையும் கிரீடமும் வலென்சியாவுக்கு அடகு போயின. போர்ச் செலவுக்குப் போன நகையைக் கொலம்பஸ் கணக்கில் எழுதிவிட்டோம். ராணி அழகாகத் தெரிய வேண்டுமே!

1492 கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. சாந்தாஞ்செல் ஏற்பாடு செய்த தொகை 11 லட்சத்து 40 ஆயிரம் மரவேதி. சிலுவைப்போரின் பெயரில் விற்ற பாவமன்னிப்புச் சீட்டுகளின் வருமானத்திலிருந்து அது திருப்பித் தரப்பட்டது. இரண்டு கப்பல்களைப் பாலோஸ் என்ற துறைமுக ஊரின் தலையில் கட்டினார்கள். அரசுக்கு எதிராக ஏதோ செய்ததற்காக அந்த ஊர் செலுத்த வேண்டியிருந்த தண்டனை அது. மொத்தத்தில் இது ஒரு நல்ல நிர்வாகி கையிலிருப்பதை வைத்து ஓட்டிய செலவு.

சாந்தாஞ்செல் யார்? யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம். ஸ்பானிய மொழியில் இப்படிப்பட்டவர்களைக் கன்வெர்சோ என்பார்கள். 1485-ல் சரகோசாவில் பெட்ரோ டி அர்புவேஸ் என்ற இன்குவிசிஷன் அதிகாரி கொல்லப்பட்டார். அந்த வழக்கில் இவருடைய குடும்பத்திலேயே ஒருவர் மரண தண்டனை பெற்றார். 1497-ல் ராணியின் கணவர் பெர்டினான்ட், இந்தச் சாந்தாஞ்செலையும் அவர் வாரிசுகளையும் இன்குவிசிஷன் தொடக்கூடாது என்று தனியாக ஆணை போட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள்: கொலம்பஸுக்குப் பணம் புரட்டிக் கொடுத்தவரையே, அந்த அரசு தன் நீதிமன்றத்திடமிருந்து ஒளித்து வைக்க வேண்டிய நிலை.

இசபெல்லாவைப் பற்றி எழுதுகிறவர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவர் புனிதர்: ஸ்பெயினை ஒன்றாக்கியவர், சிலுவையைக் கடல் தாண்டி அனுப்பியவர். இன்னொரு கட்சிக்கு அவர் பேராசைக்காரி, மதவெறி பிடித்த கொடுங்கோல் ராணி. இரண்டு பேரும் அவருடைய குணத்தைத் தப்பாகப் படிக்கிறார்கள் என்பது என் கருத்து. அவர் செய்த நல்லதும் கொடுமையும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. அந்த ஊற்று அவருடைய மனசாட்சி. கணக்கு சரியாக இருக்க வேண்டும், கடவுளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஓயாத நமைச்சல்.

1480-ல் டொலேடோவில் கூடிய மன்றத்தைப் பாருங்கள். முந்தைய மன்னர், அவருடைய அண்ணன் நான்காம் என்ரிகே, அரசு வருமானத்தைப் பிரபுக்களுக்கு வாரி வழங்கிவிட்டுப் போயிருந்தார். எந்த மானியம் நியாயம், எது அநியாயம் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, வருடத்துக்குச் சுமார் 3 கோடி மரவேதியைத் திரும்பப் பிடுங்கினார்கள். அந்த வேலையைச் செய்தவர் எர்னாண்டோ டி தலவேரா. ராணியின் ஆன்ம குரு, பாவசங்கீர்த்தனம் கேட்கும் பாதிரியார். தணிக்கைக்கு அவர் தேர்ந்தெடுத்த ஆள், தன் பாவங்களை ஒப்புக்கொள்ளும் அதே ஆள்! இசபெல்லாவைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிடச் சிறந்த சாவி கிடைக்கவில்லை.

அதே வருடம்தான் இன்குவிசிஷன் வேலையை ஆரம்பித்தது. போப்பிடமிருந்து அனுமதி வாங்கியது 1478-ல். மதம் மாறிய யூதர்களில் யார் ரகசியமாகப் பழைய வழிபாட்டைத் தொடர்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. 1481 பிப்ரவரியில் செவில்லில் முதல் ஆறு பேர் எரிக்கப்பட்டார்கள். பணத்துக்காகத்தான் இதெல்லாம் என்று சொல்லுவாங்க. பறிமுதல் பணம் கஜானாவுக்கு வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அரசவை வரலாற்றாசிரியர் பெர்னாண்டோ டெல் புல்கர் (அவரும் கன்வெர்சோதான்) ஒன்று பதிவு செய்கிறார். பல்லாயிரம் குடும்பங்கள் ஓடிப்போய் செவில் வணிகம் படுத்தது, அரச வருமானம் குறைந்தது. நாட்டைச் சுத்தப்படுத்துவதற்கு முன்னால் ராணி அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்கிறார். 1492 மார்ச் 31-ல் யூதர்களை வெளியேற்றும் ஆணை வந்தபோது, போருக்குப் பணம் திரட்டித் தந்த இரண்டு பெரிய யூத நிதியாளர்களில் ஆபிரகாம் செனியோர் ஞானஸ்நானம் பெற்றார், ஐசக் அப்ரவனேல் நாட்டை விட்டே போனார். லாப நஷ்டம் மட்டும் பார்க்கும் ஆள் இப்படிச் செய்ய மாட்டார். பேராசைக்கு ஒரு அளவாவது உண்டு, லாபம் வந்ததும் நின்றுவிடும். அடுத்தவன் ஆன்மாவுக்கும் நானே பொறுப்பு என்று நம்புகிறவரை எங்கே நிறுத்துவது?

இந்த இடத்தில் "அந்தக் காலம் அப்படி" என்று ஒரு வக்காலத்து வரும். எனக்கு அது செல்லுபடியாகாது. மாற்றுக்குரல் அவருடைய அவையிலேயே இருந்தது. 1482-ல் போப் நான்காம் சிக்ஸ்டஸே அரகானில் நடந்த விசாரணைகளைக் கண்டித்தார். கிரனாடா விழுந்ததும் முதல் பேராயராகப் போனவர் நம்ம தலவேராதான். அவர் முஸ்லிம்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வயதான காலத்தில் கொஞ்சம் அரபு கற்றுக்கொண்டார், தன் பாதிரிமார்களையும் கற்கச் சொன்னார். சரணடைந்தபோது போட்ட ஒப்பந்தமும் முஸ்லிம்களின் மதத்துக்குப் பாதுகாப்புத் தந்திருந்தது. 1499-ல் சிஸ்நெரோஸ் வந்தார். கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம், அப்புறம் கலகம், கலகத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தம் காற்றில். 1502-ல் காஸ்டீல் முழுவதும் முஸ்லிம்கள் மதம் மாறு, இல்லையென்றால் வெளியேறு என்ற ஆணை. தலவேராவின் வழி, சிஸ்நெரோஸின் வழி என்று இரண்டும் ராணியின் மேஜையில் இருந்தன. இரண்டு பேருமே அவருடைய ஆன்ம குருக்கள் வேறு. எதை எடுத்தார் என்பது நமக்குத் தெரியும். ராணி இறந்த பிறகு எண்பதை நெருங்கிய தலவேரா மீதே இன்குவிசிஷன் பாய்ந்தது. 1507-ல், சாவதற்குச் சற்று முன்புதான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

பிற்காலம் இந்த ராணியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. அவரும் பெர்டினான்டும் வைத்திருந்த நுகத்தடி, அம்புக்கட்டுச் சின்னங்களை 20-ஆம் நூற்றாண்டில் பலாங்கே கட்சி எடுத்துக்கொண்டது. பிராங்கோ ஆட்சியில் அவை எங்கும் தொங்கின. 1958-ல் வயாதொலித் மறைமாவட்டத்தில் அவரைப் புனிதராக்கும் முயற்சி ஆரம்பமானது, இன்னும் முடிந்தபாடில்லை.

அவரைப் புனிதர் என்பவர்கள் முதலில் நீட்டும் தாள், சாவதற்கு மூன்று நாள் முன்பு, 1504 நவம்பர் 23-ல் உயிலில் சேர்த்த பிற்சேர்க்கை. புதிய நிலங்களின் மக்களுக்கும் உடைமைக்கும் தீங்கு வரக்கூடாது என்று அதில் கேட்டுக்கொள்கிறார். உண்மையான அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஒரு தாளை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. 1495-ல் கொலம்பஸ் அனுப்பிய அடிமைகளை அந்தலூசியாவில் விற்கச் சொல்லி ஏப்ரல் 12-ல் ஆணை. நாலே நாளில், இறையியலாளர்களைக் கேட்கும் வரை பணத்தை நிறுத்தி வை என்று இன்னொரு ஆணை. மனசாட்சி உறுத்தியிருக்கிறது. விடுவித்துத் திருப்பி அனுப்பு என்று ஆணை வந்ததோ 1500 ஜூனில். ஐந்து வருடம்! 1503 அக்டோபரில், நரமாமிசம் உண்பவர்கள் என்று சொல்லப்பட்டவர்களை அடிமையாக்க அனுமதி. அதே டிசம்பரில், ஹிஸ்பானியோலா தீவின் ஆளுநர் ஒவாண்டோவுக்கு, இந்தியர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கலாம், ஆனால் கூலி கொடு, அவர்கள் சுதந்திர மனிதர்கள் என்று ஒரு ஆணை. கட்டாயம், சுதந்திரம் இரண்டும் ஒரே தாளில். தீவில் இருந்தவர்களுக்கு எந்தச் சொல் காதில் விழுந்திருக்கும்? அந்த ஒவாண்டோ காலத்தில்தான் அனகவோனா என்ற தைனோ அரசி தூக்கிலிடப்பட்டார்.

பிற்சேர்க்கையில் இன்னொரு பத்தி இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அல்கபாலா என்ற விற்பனை வரியை வசூலிக்க அரசுக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று ஆராயச் சொல்கிறார். முப்பது வருடம் அந்த வரியை வைத்து ஆண்டவர், மரணப் படுக்கையில் அது நியாயம்தானா என்று கேட்கிறார். அல்கபாலா ஸ்பெயினில் 1845 வரை இருந்தது.