பெயர் சொல்லாத பெண்டிரும் வாக்காளர் பட்டியலும்

தேர்தல் அறிக்கைகளை எவரும் சுவைக்காகப் படிப்பதில்லை. ஆயினும், ஒரு நாட்டின் மனத்தை அறிவதற்கு அவை நல்ல சான்றுகளாகும். இந்தியக் குடியரசின் முதற் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடைபெற்றது. அதனை முன்நின்று நடத்தியவர் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராகிய சுகுமார் சென். 1955இல் வெளிவந்த தேர்தல் அறிக்கையில் அவர் பதிந்துள்ள ஒரு செய்தி இன்றும் ஆராயத் தக்கதாக இருக்கிறது.

வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் தம் பெயரை அயலாரிடம் கூறுவது வழக்கமன்று. ஆதலின், பட்டியல் எழுதச் சென்ற அலுவலர்கள், ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்றே எழுதினர். ஆணையம் இதனை ஏற்கவில்லை. பெயர் என்பது ஒருவரை அடையாளம் காட்டும் இன்றியமையாத கூறு. அஃதின்றிப் பதிவு செய்தல் ஆகாது என்று கட்டளையிட்டது. பெயர்களைக் கேட்டெழுத முயற்சி செய்யப்பட்டது. பீகாரில் தவணையும் நீட்டிக்கப்பட்டது. எனினும், ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளருள் 28 இலட்சம் பேரின் பதிவுகள் இறுதியில் நீக்கப்பட்டன. அவர்களுள் மிகப் பலர் பீகார், உத்தரப் பிரதேசம், இராஜஸ்தான் முதலிய மாநிலத்தவர்.

சென் செய்தது முறைதானா? முதலில் அவர் பக்கத்து நியாயத்தைக் காண்போம். பெயரில்லாப் பதிவைக் கொண்டு வாக்களிக்க வருபவர் இன்னார்தாம் என்று தெளிவது அரிது; ஆள்மாறாட்டத்திற்கு அது வழிவிடும். இதனினும் உயர்ந்த காரணம் ஒன்றும் உண்டு. குடியாட்சியில் ஒரு பெண் தன் பெயரால் நிற்க வேண்டுமேயன்றி, ஓர் ஆணின் பெயருக்கு ஒட்டாக நிற்றல் ஆகாது. நீக்கத்தால் எழுந்த கூக்குரலும் நன்மைக்கே. அடுத்த தேர்தலுக்குள் இவ்வழக்கம் மறைய அது துணைசெய்யும் என்பது அவர் கருத்து. அவர் நோக்கத்தில் குற்றம் காண இயலாது.

நோக்கம் நன்றாயினும், அதற்குரிய விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்க வேண்டும். அப்பெண்டிர் நாட்டில் இல்லாதவர் அல்லர். வாக்குரிமை அற்றவரும் அல்லர். அவர்கள் குறித்து எழுதப்பட்ட தொடரில்தான் குறை இருந்தது. எழுத்தின் குறைக்காக ஆளையே நீக்குவது எவ்வாறு பொருந்தும்? அதே பட்டியலின் வரலாற்றிலேயே வேறொரு முறையும் காணப்படுகிறது. 1948இல் அரசியல் நிர்ணய சபையின் செயலகம் வாக்காளர் பட்டியல் பணியைத் தொடங்கியபோது, பிரிவினையால் ஓடிவந்த அகதிகள் பலரிடம் வசிப்பிடச் சான்று இல்லை. ‘இவ்வூரில் நிலையாக வாழக் கருதுகிறேன்’ என்ற உறுதிமொழியைப் பெற்று அவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பணிக்கப்பட்டது. அங்கே விதி மனிதனுக்காக வளைந்தது. இங்கே மனிதர் விதிக்காக விலக்கப்பட்டனர்.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் புறநானூறு நினைவிற்கு வருதல் இயல்பு. பறம்பை இழந்த துயரைப் பாடிய மகளிரின் பெயர் அத்தொகையில் இல்லை. ‘பாரி மகளிர்’ என்பதே குறிப்பு. கணவனை இழந்து தீப்பாய்ந்த அரசியின் இயற்பெயரும் இல்லை. அவர் ‘பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு’. ஒருவர் இன்னார் மகள். மற்றவர் இன்னார் மனைவி. 1951இன் விதிப்படி இவ்விரு பாட்டும் தொகைக்கு வெளியே நின்றிருக்கும்! தொகுத்தவரோ பெயரில்லை என்பதற்காகக் குரலைத் தள்ளவில்லை. தமக்குக் கிடைத்த அடையாளத்தைக் கொண்டு காத்துவைத்தார். பாட்டுத் தொகையும் வாக்காளர் பட்டியலும் ஒன்றல்ல என்பது உண்மையே. எனினும், தொகுப்பவனுக்குரிய பொறுப்பு இரண்டிற்கும் பொதுவானது.

நன்னூலார் நூற்குற்றம் பத்தினை எண்ணுங்கால் குன்றக் கூறலை முதலிலும், மிகைபடக் கூறலை அதனையடுத்தும் வைத்தார். வாக்காளர் பட்டியலுக்கும் இவ்விரு குற்றமும் உண்டு. இறந்தவரும் இடம்பெயர்ந்தவரும் இருமுறை எழுதப்பட்டவரும் இருப்பது மிகை. உரியவர் விடுபடுவது குன்றல். அதிகாரிகள் மிகைக்கு அஞ்சும் அளவு குன்றலுக்கு அஞ்சுவதில்லை. மிகையை எதிர்க்கட்சி கண்டு கூவும். விடுபட்டவனோ வாக்குச்சாவடியில் திருப்பி அனுப்பப்படும்போதுதான் தன் இழப்பை அறிகிறான்.

2025இல் அதே பீகாரில் எழுந்த பூசல் இதற்குச் சான்று. அவ்வாண்டு ஜூன் 24ஆம் நாள் தேர்தல் ஆணையம் சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்கு ஆணையிட்டது. ஏறத்தாழ 7 கோடியே 89 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை, ஆகஸ்ட் முதல் நாள் வெளியான வரைவில் 7 கோடியே 24 இலட்சமாயிற்று. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிந்தோர் ஆகியோரே நீக்கப்பட்டனர் என்றது ஆணையம். தலைமைத் தேர்தல் ஆணையர் ஞானேஷ் குமார்மீது எதிர்க்கட்சிகள் கடுங்குற்றம் சாட்டின. அவர் அவற்றை மறுத்தார். நீக்கப்பட்ட ஏறத்தாழ 65 இலட்சம் பேரின் பெயர்களைக் காரணத்தோடு பொதுமக்கள் காணுமாறு வெளியிட வேண்டும் என ஆகஸ்ட் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பணித்தது. செப்டம்பர் 30ஆம் நாள் வெளிவந்த இறுதிப் பட்டியலில் ஏறத்தாழ 7 கோடியே 42 இலட்சம் பேர் இருந்தனர்.

பழைய பட்டியலைத் திருத்துதல் கடமையே. அதனைக் குறைகூறுவார் இலர். ஆனால், பெயரை நீக்குபவன் காரணம் காட்டுவதற்கு நீதிமன்றத்தின் ஆணை தேவைப்பட்டதே, அதுதான் வருந்தத்தக்கது. இவ்வகையில் சென் மேம்பட்டு நிற்கிறார். தம் நடவடிக்கையால் உரிமை இழந்தோர் இத்தனை பேர் என்று தம் அறிக்கையிலேயே எழுதிவைத்தார். அவர் எழுதியதனாலேயே இன்று நாம் அவரைத் திறனாய இயலுகிறது. அந்த நேர்மையைப் பின்வந்தோர் கைக்கொள்ளல் வேண்டும். அவர் விதியின் கடுமையைத் தவிர்த்தல் வேண்டும்.

ஐயம் எழுந்தவிடத்து நீக்குதல் எளிது. தேடிச் சென்று தெளிதல் அரிது. அவ்வரிய பணிக்காகவே ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. பட்டியலின் தூய்மையை நீக்கிய பெயர்களின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் கூடாது. உரிமையுடைய ஒருவரேனும் விடுபடாமை காத்தலே அதன் தலையாய அளவுகோல்.